நீல் துரை பழி வாங்கினாரா?

சார் வணக்கம். போன மாசம் குடும்பத்தோட அந்தமான் போயிருந்தோம். ஷஹீத் த்வீப்புக்குப் போற படகுல கூட வந்த பெரியவர், இதோட பழைய பேரு நீல் தீவு, 1857 கலகத்தை அடக்கின பெரிய ஜெனரல் பேருன்னார். கான்பூர்ல வெள்ளைக்காரப் பொம்பளைங்க, குழந்தைங்களைக் கொன்னதுக்குத்தான் அவர் பழி வாங்கினாராம், அந்தக் காலம் அப்படி, இப்ப உக்காந்து தப்பு சொல்லக்கூடாதாம். எனக்கு பதில் சொல்லத் தெரியல சார்.

ஒரு வாசகர், திருநெல்வேலி

தம்பி,

தேதிகளை வரிசையா வச்சுப் பாருங்க, பதில் அதுலயே இருக்கு. கான்பூர் பீபிகர் வீட்டுல கிட்டத்தட்ட 200 பொம்பளைங்களும் குழந்தைங்களும் கொல்லப்பட்டது ஜூலை 15. கொடூரம்தான், அதுல ரெண்டு பேச்சே இல்ல. ஆனா நீல் அலகாபாத்ல இறங்கினது ஜூன் 11, சுத்துப்பட்டு ஊருங்களைக் கொளுத்தினதும் ஆளுங்களை மரத்துல தொங்கவிட்டதும் ஜூன்லயே, அங்கிருந்து கான்பூருக்கு முன்னாடி அனுப்பின ரெனாட்ங்கிற அதிகாரியோட படைக்கிட்ட இந்தந்த ஊரை அழி, ஆம்பளைங்களைக் கொல்லுன்னு எழுதிக் கொடுத்ததும் பீபிகருக்கு முன்னாடிதான். நடக்காத ஒண்ணுக்கு யாராவது பழி வாங்குவாங்களா?

நீல் ஸ்காட்லாந்துல பொறந்து 1827-ல மெட்ராஸ் ஐரோப்பியப் படையில சேர்ந்தவர். பர்மா சண்டை, அப்புறம் கிரிமியா போர்ல துருக்கிப் படையோடன்னு 30 வருஷ சர்வீஸ், இருந்தும் அவர் பேர் எடுத்தது கடைசி நாலு மாசத்துலதான். கலகத்தை அடக்க வடக்கே கிளம்பினப்ப ஹவுரா ஸ்டேஷன்ல அவரோட சிப்பாய்ங்க வந்து சேர லேட்டாச்சு, ரயில் நிக்காதுன்னு சொன்ன ஸ்டேஷன் மாஸ்டரை அங்கயே காவல்ல வச்சுட்டு, எல்லாரும் ஏறினப்புறம்தான் வண்டியை விட்டார். இதை வீரம்னு ஆங்கிலேயர்கள் கொண்டாடினாங்க. எனக்கு அதுல தெரியுறது, தன் அவசரத்துக்கு முன்னாடி எந்தச் சட்டமும் செல்லாதுங்கிற மனசு.

கான்பூர்ல ஜூலை 25 அன்னிக்கு நீல் போட்ட உத்தரவைப் படிச்சா நெஞ்சு பதறும். தூக்குத் தண்டனை கிடைச்சவங்க சாகறதுக்கு முன்னாடி பீபிகர் தரையில உறைஞ்ச ரத்தத்தை சுத்தம் பண்ணணும், மறுத்தா சாட்டையடி. கோர்ட்ல வேலை பார்த்த ஒருத்தரை நாக்கால நக்க வச்சாங்க. இதையெல்லாம் நீலே கடிதத்துல எழுதி வச்சிருக்கார், ஒளிச்சு மறைச்சு செஞ்சதில்ல.

அந்தக் காலம் அப்படின்னா, அதே ஜூலை கடைசியில கவர்னர் ஜெனரல் கானிங் இந்த மாதிரி கண்மண் தெரியாத தண்டனையை நிறுத்தச் சொல்லி ஏன் உத்தரவு போடணும்? அதுக்காக சொந்த ஜனமே அவரை 'கருணை கானிங்'னு கேலி பண்ணுச்சு. தப்புன்னு அப்பவே தெரியும் தம்பி.

செப்டம்பர் 25 லக்னோ தெருவுல நீல் சுடப்பட்டு செத்தார். 1861-ல மவுண்ட் ரோட்டுல சிலை வச்சாங்க. அதை எடுக்கச் சொல்லி 1927-ல சத்தியாகிரகம் நடந்துச்சு, முன்ன நின்னவர் உங்க ஊர் சோமயாஜுலு. சிலை இறங்கினது 1937-ல, ராஜாஜி ஆட்சியில.

இப்ப அது எழும்பூர் மியூசியத்துல இருக்கு. பசங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, காட்டும்போது கடலூர் அஞ்சலையம்மாளோட பொண்ணு அம்மாக்கண்ணு பத்தியும் சொல்லுங்க. அந்தச் சிலைக்கு எதிரா அம்மாவோட சேர்ந்து போராடி ஜெயிலுக்குப் போன சின்னப் பொண்ணு, பின்னாடி காந்தி அவளை வார்தா ஆசிரமத்துக்குக் கூட்டிட்டுப் போய் லீலாவதின்னு பேர் வச்சார்.