‘கடவுள் போட்ட கணக்கு’ என்கிறார்கள், என்ன பதில் சொல்வது?

ஆறு வயது அக்கா மகளை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருக்கிறீர்கள். வருகிறவர்கள் எல்லாம் ‘கடவுள் போட்ட கணக்கு’ என்கிறார்கள், அன்றிலிருந்து பிரார்த்தனையே வரவில்லை, நம்பிக்கை போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் கோபம் இன்னும் கடவுள்மேல்தானே இருக்கிறது?

என் தம்பி இறந்த அன்று அவன் செருப்பு வாசலிலேயே கிடந்தது, ஒன்று கவிழ்ந்தபடி. அதைத் தாண்டி உள்ளே வந்த ஒருவர் ‘எல்லாம் நன்மைக்கே’ என்றார். இன்றுவரை அவரோடு எனக்குப் பேச்சு கிடையாது. சரி, அது என் குணம்.

மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்ததால்தான் துன்பம் என்ற வாதம் போருக்கும் கொலைக்கும் ஓரளவு பொருந்தும், குழந்தைக்கு வந்த நோய்க்குப் பொருந்தாது. முன்வினை என்றால் பழி அந்தக் குழந்தைமேலேயே விழுகிறது.

எந்த மதமானாலும் பைபிளில் யோபுவின் கதையைப் படியுங்கள். பிள்ளைகளை இழந்தவனோடு நண்பர்கள் 7 நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை சரி. அப்புறம் வாயைத் திறந்து, உன் பாவத்தின் பலன் என்று விளக்க ஆரம்பிக்கிறார்கள். யோபுவையும் கடவுள் கேள்விகளால் மடக்குகிறார்தான். ஆனால் ‘என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை’ என்று அவர் கோபிப்பது, அவருக்காக வாதாடிய அந்த நண்பர்களிடம்! யோபுவுக்குக் காரணம் கடைசிவரை சொல்லப்படுவதில்லை.

பிரார்த்தனை வராவிட்டால் விடுங்கள், சண்டை போடத் தோன்றினால் போடுங்கள். அக்காவிடம் மட்டும் விளக்கம் எதுவும் வேண்டாம். குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.