மைக்ரோவேவ் சர்க்யூட் ஆராய்ச்சி என்றால் உண்மையில் என்ன வேலை? ஏற்காட்டு மூடுபனியில் சிக்னல் போவதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

சேலத்தில் ஒரு கல்லூரி லேபில் இதே வேலையைச் செய்கிறவன் என்பதால் சொல்கிறேன். மைக்ரோவேவ் என்றதும் சொந்தக்காரர்கள் அடுப்பு ரிப்பேர் பற்றித்தான் கேட்பார்கள். அடுப்பும் வைஃபையும் ஏறக்குறைய ஒரே அதிர்வெண்தான், 2.45 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம். அதோடு சரி.

இந்தத் துறையில் எல்லாமே அலைநீளத்தை வைத்துத்தான். வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் சுமார் 6,000 கிலோமீட்டர். ஒயர் பத்து மீட்டரா, இருபது மீட்டரா என்பது அங்கே பொருட்டே இல்லை. 2.45 ஜிகாஹெர்ட்ஸிலோ அலைநீளம் வெறும் 12 சென்டிமீட்டர். போர்டில் ஓடும் செப்புப் பட்டையே அலையின் அளவை நெருங்கிவிடுகிறது.

1.6 மி.மீ. தடிமனுள்ள சாதாரண எஃப்ஆர்-4 (கண்ணாடி இழையும் எபாக்ஸியும் கலந்த) சர்க்யூட் போர்டில் 3 மி.மீ. அகலப் பட்டை ஒன்று ஓடுகிறது என்று வையுங்கள். அதன் பக்கவாட்டில் 17 மி.மீ. நீளத்துக்கு ஒரு கிளை. கிளையின் நுனி எதையும் தொடவில்லை, அந்தரத்தில் நிற்கிறது. மல்டிமீட்டரை வைத்தால் கிரவுண்டோடு இணைப்பே இல்லை என்று காட்டும். ஆனால் 2.45 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கு அது அப்பட்டமான ஷார்ட் சர்க்யூட்! போர்டுக்குள் அலைநீளத்தில் கால் பங்குதான் அந்த 17 மி.மீ.; நுனி வரை போய்த் திரும்பும் அலை, எதிர்க்கட்டத்தில், அதாவது மேடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளமாக வந்து சேர்ந்து, கிளை பிரியும் இடத்தில் மின்னழுத்தத்தையே அழித்துவிடுகிறது. ஒரு கெப்பாசிட்டர்கூட வாங்காமல், செப்பின் வடிவத்தாலேயே அந்த அதிர்வெண்ணைத் தடுக்கும் ஒரு ஃபில்டர் கிடைத்தாயிற்று. நான் இந்தத் துறையில் விழுந்தது இதைப் பார்த்துத்தான்.

அப்புறம் அன்றாட வேலை. சிமுலேஷனில் எல்லாம் அழகாக வரும். டைஎலக்ட்ரிக் மாறிலி (போர்டுக்குள் அலை எவ்வளவு சுருங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 4.4 என்று போட்டு வரைவோம். கைக்கு வரும் போர்டு 4.2 ஆகவோ 4.6 ஆகவோ இருக்கும். ஃபில்டர் 50 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கும். நெட்வொர்க் அனலைசரை (எந்த அதிர்வெண் எவ்வளவு கடக்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் கருவி) ஓப்பன், ஷார்ட், லோட் என்ற மூன்று அளவுத்துண்டுகளை மாட்டி காலிப்ரேட் செய்த பிறகு யாராவது கேபிளை வளைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஆய்வுக் கட்டுரைகளில் இந்தக் கூத்தெல்லாம் வராது.

சரி, ஏற்காடு. பாவம், பனி மேல் பழி போடாதீர்கள். மூடுபனித் துளி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு மாதிரிதான் இருக்கும். பல சென்டிமீட்டர் நீளமுள்ள மொபைல் அலை அதைக் கண்டுகொள்ளாது. மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் விட்டு விட்டு வருவதற்குக் காரணம், குறுக்கே நிற்கும் மலைச்சரிவும் மரங்களும்தான். டிடிஎச் கதை வேறு: 12 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளிகள் அதை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்யும். கனமழையில் படம் உறைந்து போவது அதனால்தான்.

நீங்கள் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) படிக்கிறவர் என்றால் நானோவிஎன்ஏ என்ற கையடக்க நெட்வொர்க் அனலைசர் ஒன்று வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாய்தான். அடிப்படை மாடல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை தாராளமாக அளக்கும். அதே எஃப்ஆர்-4 போர்டில் கிளையை 5 சென்டிமீட்டராக வெட்டினால் 800 மெகாஹெர்ட்ஸை ஒட்டித் திரையில் ஒரு பள்ளம் விழும். கிளையைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி, பள்ளம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.