முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் தான ரத்தத்தின் தேவையை எப்படிக் குறைக்கிறார்கள்?

நோயாளியின் சொந்த ரத்தம் வீணாகாமல் காத்து, பிறர் ரத்தம் ஏற்றுவதைத் தவிர்ப்பதோ குறைப்பதோதான் இதன் நோக்கம்.

முதுகெலும்பில் இது ஏன் கடினம்? மற்ற இடங்களில் கசியும் ரத்தக் குழாயைச் சுட்டு அடைத்துவிடலாம். எலும்பைச் செதுக்கும்போதோ அதன் உள்ளிருந்தே ரத்தம் ஊறி வரும். பிடித்துக் கட்ட தனிக் குழாய் இருக்காது.

குப்புறப் படுக்க வைக்கும் விதம் மிக முக்கியம். வயிறு அழுந்தினால் அங்குள்ள பெரிய சிரையில் ஓட்டம் தடைபட்டு, முதுகெலும்பைச் சுற்றிய சிரைகளில் ரத்தம் தேங்கும். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அடைத்தால் நடுவிலுள்ள ஓட்டையில் பீய்ச்சுமே, அதேதான். அதனால் வயிறு அழுந்தாமல் தொங்கும்படி படுக்க வைக்கிறார்கள்.

அப்புறம், உறைந்த ரத்தம் சீக்கிரம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து. கசிந்த ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, நோயாளிக்கே திருப்பித் தரும் இயந்திரமும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் சில வாரங்கள் முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும். மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

அந்த இயந்திரம் இருந்தால் தான ரத்தமே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது மீட்பது சிவப்பணுக்களை மட்டுமே, ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்கள் கழுவலில் போய்விடும் என்பதால் பெரிய அறுவை சிகிச்சைக்குத் தான ரத்தம் தயாராக இருந்தே ஆகவேண்டும்.