ரிப்போர்ட் நன்றாக இருந்தால் போதுமா? மருத்துவ ஆய்வுகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: புது மாத்திரை ஒன்று மாரடைப்பைப் பாதியாகக் குறைக்கிறதாம். டாக்டரிடம் கேட்டு வாங்கலாமா?

பதில்: எதில் பாதி என்று பாருங்கள். நூறில் இருபது பேர் பத்தானாலும் பாதிதான், ஆயிரத்தில் இரண்டு பேர் ஒருவரானாலும் பாதிதான். இரண்டாவது கணக்கில் ஒருவர் தப்பிக்க ஆயிரம் பேர் மாத்திரை விழுங்க வேண்டும். பக்கவிளைவு ஆயிரம் பேரில் யாருக்கும் வரலாம். வெறும் சதவீதம் போட்ட செய்தியை நான் படிப்பதே இல்லை.

கேள்வி: மாத்திரை சாப்பிட்டதும் ரிப்போர்ட் சரியாகிவிடுகிறதே சார், அது போதாதா?

பதில்: இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்கள் சிலருக்கு நடுநடுவே இதயம் முறை தப்பித் துடிக்கும். அவர்கள் திடீரென்று இறக்கும் வாய்ப்பு அதிகம். அந்தத் துடிப்பை அடக்கினால் உயிர் தப்பும் என்று நம்பி 1980களில் என்கைனைடு, ஃப்ளெக்கனைடு மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார்கள். இசிஜியும் அழகாக வந்தது.

அப்புறம்தான் 'காஸ்ட்' ஆய்வு. மாத்திரைக்கு அந்த முறைதப்பிய துடிப்பு அடங்கியவர்களையே எடுத்து, குலுக்கல் முறையில் பிரித்து, 755 பேருக்கு மருந்தும் 743 பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். சராசரியாகப் பத்தே மாதத்தில் மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்களில் 26 பேர். 1989இல் அந்த இரண்டு மருந்துகளையும் ஆய்விலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

இதைத் தனி ஒரு டாக்டரால் கண்டுபிடித்திருக்க முடியாது. இசிஜி தேறியிருக்கும், நோயாளி இறந்தால் 'ஏற்கெனவே பலவீனமான இதயம்' என்றுதான் தோன்றும். ஒப்பிட மருந்து சாப்பிடாத இன்னொரு பிரிவு இல்லாமல் உண்மை வெளியே வராது.

கேள்வி: முன்பு தினம் ஒரு ஆஸ்பிரின் என்றார்கள், இப்போது வேண்டாம் என்கிறார்கள். ஏன் இந்தக் குழப்பம்?

பதில்: இதய நோயே வராதவர்களுக்குத்தான் அந்த 'வேண்டாம்'. 2018இல் வந்த பெரிய ஆய்வுகளில், குறிப்பாக முதியவர்களுக்கு, கிடைத்த நன்மையை ரத்தக்கசிவு விழுங்கிவிட்டது. ஸ்டென்ட் வைத்தவர்கள், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து.

கேள்வி: அறுவை சிகிச்சைக்கும் 'வெற்று மாத்திரை' உண்டா?

பதில்: உண்டு! முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு உள்ளே குழாய் விட்டுச் சுத்தம் செய்யும் சிகிச்சையை அப்படிச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்குத் தோலைக் கீறித் தையல் மட்டும் போட்டார்கள். எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. இப்படியும் நடக்கலாம் என்று முன்பே சம்மதம் வாங்கியிருந்தார்கள். 2002இல் முடிவு வந்தது: வலி இரு தரப்பிலும் ஒன்றுபோலத்தான். எனக்கு இன்னும் வியப்பு, அதற்குச் சம்மதித்த நோயாளிகளின் மனசுதான்.

கேள்வி: என்னை ஒரு மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?

பதில்: சம்மதத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படியுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும், பாதிப்பு வந்தால் செலவு யாருடையது, முடிவு மோசமாக வந்தாலும் வெளியிடுவார்களா? நடுவில் விலக உங்களுக்கு எப்போதும் உரிமை உண்டு. இன்றே கையெழுத்துப் போடுங்கள் என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.