ரேகைச் சட்டமும் களவும்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமூகம் முத்திரை குத்துவதால்தான் குற்றவாளி உருவாகிறான் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பூர்வீகம் திண்டுக்கல் பக்கம். தாத்தா காலத்தில் உழவு மாடு களவு போனால் துப்புக்கூலி கொடுத்துத்தான் மீட்பார்களாம். மாடு போனது நிஜம். பிறகு குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது, களவு குறைந்தது என்பார். முத்திரையை மட்டுமே குறை சொன்னால் பறிகொடுத்தவனை மறந்துவிடுகிறோம் அல்லவா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் தாத்தா சொன்னது உண்மைதான். மாடு காணாமல் போகும். இரண்டொரு நாளில் யாரோ ஒருவர் வந்து, மாட்டின் விலையில் ஒரு பங்கைக் கேட்பார். கொடுத்தால் ஏதாவது ஒரு காட்டோரத்தில் மாடு கட்டிக் கிடக்கும். அதற்குப் பெயர்தான் துப்புக்கூலி. ஊரைக் காப்பதற்குக் காவல்கூலி வாங்கியவர்களும், கூலி தராத ஊரில் களவு செய்தவர்களும் பல இடங்களில் ஒரே ஆட்கள். இதில் மனம் கசந்த குடியானவர்கள் 1896இல் உங்கள் திண்டுக்கல் பக்கத்திலேயே ‘பண்டு’ வைத்து, பணம் திரட்டி, காவல்காரர்களை விரட்டினார்கள். எந்தச் சமூகவியலும் இதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் களவைத் தண்டிக்க 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமே அன்று போதுமானதாக இருந்தது. திருடியவனைப் பிடித்து, சாட்சி வைத்து, சிறையில் அடைத்திருக்கலாம். 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் செய்தது வேறு. திருடியவனை அது தேடவில்லை. ஒரு கூட்டத்தில் பிறந்தவர்களைப் பட்டியலிட்டது. அந்த அறிவிப்பு சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். எனக்கு அதில் மிகவும் அருவருப்பான வரி அதுதான்.

மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பத்து விரல்களையும் மையில் தோய்த்துப் பதிய வேண்டும். பதிந்தபின் இரவில் சொன்ன இடத்தில் ஆஜராக வேண்டும். பெண் கொடுத்த ஊருக்குப் போவதென்றாலும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் அதுவே குற்றம். அதாவது மனைவிக்குப் பிரசவ வலி கண்டு மருத்துவச்சியைத் தேடி இரவில் ஓடுகிறவன், எதையும் திருடாமலே குற்றவாளியாகிறான். பட்டியலில் உள்ளவன் குறிப்பிட்ட குற்றங்களில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் குறைந்தது ஏழாண்டு, மூன்றாம் முறை என்றால் ஆயுள். அதே திருட்டைச் செய்த பக்கத்துத் தெருக்காரனுக்கு அந்தக் கணக்குக் கிடையாது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963இல் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். பிறழ்வு என்பது செயலில் மட்டும் இல்லை. விதியை வகுப்பவர்களும் அதை யார்மீது ஏவுகிறார்கள் என்பதும் சேர்ந்தே அதை உண்டாக்குகின்றன என்றார் அவர். களவே நடக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. அவரைப் படிக்காமல் திட்டுகிறவர்கள்தான் அவர் அப்படிச் சொன்னார் என்பார்கள்.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் சமூகத்தினர்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்ததாக ஊர் நினைவுகூர்கிறது. மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்தச் சட்டத்துக்கு எதிராக அவர்களுக்காக வாதாடினார். கோட்டில் ரோஜாப்பூ செருகும் அவரை மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்றார்கள். பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள்.

களவு குறைந்தது என்கிறீர்கள். குறைந்திருக்கலாம். அதே ஆண்டுகளில்தான் கள்ளர் சீரமைப்பு என்ற அரசுத் திட்டத்தில் பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் வந்தன. 1895இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர் மேலூர் வரை போனது, உசிலம்பட்டி மேட்டுக்கு ஏறவில்லை. வானம் பார்த்த பூமியில் காவல்கூலியையும் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கும்? குறைந்ததற்கான பெருமையை ரேகைக்கே கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முத்திரை குத்தப்பட்டவர்கள் எல்லாம் பிறர்மீது முத்திரை குத்தாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அதே ஊர்களின் சேரிகளில் கேட்டால் அந்தக் கதையையும் சொல்வார்கள்.

சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல் போனது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. இம்முறை பிறப்பு அல்ல, முன்தண்டனைதான் அளவுகோல் என்றார்கள். காகிதத்தில் அது பெரிய முன்னேற்றம். ஆனால் 36 ஆண்டுகள் அதே வீட்டுக் கதவுகளைத் தட்டிப் பழகிய காவல் நிலையத்துக்கு, முன்தண்டனைக்காரர்கள் எந்தத் தெருவில் கிடைத்திருப்பார்கள்? சிறைக் கையேடுகளில் கைதிகளைச் சாதி பார்த்து நடத்திய விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 அக்டோபரில்தான். அந்தப் பழைய பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட சமூகங்களான சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் வரிகளும் அதுவரை அந்தக் கையேடுகளில் இருந்தன.