சேலம் காந்தத் தரவு: துருவத் திருத்தம் செய்தால் வரும் கோடுகள்

வணக்கம். உங்களுக்கு இரண்டு சிக்கல்: பைதான் தொகுப்புகளை நிறுவும் பிப் மூலம் ஹார்மோனிகாவை (காந்த, ஈர்ப்புத் தரவுகளுக்கான பைதான் நூலகம்) நிறுவியும் வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் 'மாட்யூல் இல்லை' என்கிறது, சேலம் காந்தத் தரவுக்குத் துருவத் திருத்தம் (காந்தத் துருவத்தில் அளந்ததுபோல் தரவை மாற்றுவது) செய்தால் படமெங்கும் வடக்கு-தெற்குக் கோடுகள்.

முதலாவது எளிது. விண்டோஸில் கியூஜிஐஎஸ் தனக்கென்று ஒரு பைதான் வைத்திருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் அதோடு வரும் ஓஎஸ்ஜியோ4டபிள்யூ ஷெல்லைத் திறந்து, அங்கே பிப் இன்ஸ்டால் கொடுங்கள்.

கோடுகளுக்கு உங்கள் நிரல் காரணமில்லை. காந்த நிலநடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு) தென்னிந்தியாவின் தெற்கு முனையை ஒட்டிப் போகிறது. அதனால் சேலத்தில் காந்தச் சாய்வு, அதாவது காந்தப்புலம் கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம், மிகக் குறைவு. அந்த நிலையில் கிழக்கு-மேற்காக மாறும் அலைகளுக்குத் திருத்தச் சூத்திரத்தின் வகுக்கும் எண் கிட்டத்தட்ட சுழியாகிவிடும். சிறு இரைச்சல்கூடப் பூதாகரமாகித்தான் கோடாகத் தெரிகிறது. இந்தப் பகுதிக்குத் துருவத் திருத்தத்தை விட்டுவிடுங்கள். அதே ஹார்மோனிகாவில் 'டோட்டல் கிரேடியன்ட் ஆம்ப்ளிட்யூட்' (காந்த மதிப்பு மூன்று திசைகளிலும் மாறும் வேகத்தின் மொத்த அளவு) இருக்கிறது. காந்தமாக்கத் திசையை அது அவ்வளவாகச் சார்ந்ததில்லை, பாறை எல்லைகளையும் நன்றாகக் காட்டும்.

கிரிட் டிகிரியில் இருந்தால் முதலில் மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு என்ற ஆயமுறைக்கு மாற்றுங்கள், இந்த முறை கணக்கிடும் வகைக்கெழுவுக்கு (தூரத்தோடு மதிப்பு மாறும் வேகம்) மீட்டர் வேண்டும். வெற்றுச் செல்களையும் நிரப்பிவிடுங்கள். ஒன்று இருந்தாலும் ஃபூரியே மாற்றம் (தரவை அலைகளாகப் பிரிக்கும் கணக்கு) சரியாக நடக்காது.

இதற்கென்று கியூஜிஐஎஸ் பிளகின் (கூடுதல் செயலி) எழுத இப்போதே இறங்க வேண்டாம். பிராசசிங் டூல்பாக்ஸில் ஸ்கிரிப்டாகவே ஓட்டிப் பாருங்கள். சரியாக வந்ததும் ஸ்கிரிப்டில் உள்ள அதே வகுப்பை (பைதான் கிளாஸ்) அப்படியே பிளகினுக்குள் வைத்துக்கொள்ளலாம்.