பங்கு கேட்கவா வந்தாய்?

அன்புள்ள ஐயா,

அப்பா சென்ற ஆண்டு காலமானார். பட்டா பெயர் மாற்றத்துக்காக அலைந்தபோதுதான், தாத்தாவின் அப்பா பெயர்கூட வீட்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை என்பது தெரிந்தது. அன்றிலிருந்து பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துவருகிறேன். சித்தப்பா, "இதையெல்லாம் தோண்டி என்ன செய்யப் போற? பங்கு கேக்கவா?" என்கிறார். நண்பர்களோ, "எழுதுடா, நாம ஆண்ட பரம்பரை" என்று காணொளிகளாக அனுப்புகிறார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. இந்தத் தேடலில் உண்மையில் என்னதான் கிடைக்கும்?

க., பேரையூர்

அன்புள்ள க.,

சித்தப்பாவின் சந்தேகத்தில் தப்பில்லை. நம் பக்கத்தில் பழைய பத்திரத்தைத் தேடி வருகிறவர் பெரும்பாலும் வழக்கோடுதான் வருவார். நிலத்தைப் பற்றிய பேச்சே இல்லை என்று முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். வெற்றிலை போடுகிறவராக இருந்தால் இன்னும் நல்லது, போகிற இடத்தில் பேச்சு நிற்காது.

எனக்கு என்ன கிடைத்தது என்று சொல்கிறேன். நாங்கள் இந்தக் கரிசலை விட்டு எங்கும் போகாதவர்கள் என்பது எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லிவந்த கதை. அதை உடைத்தது ஒரு மொய் நோட்டு. 1950-களில் நடந்த பெரிய அத்தை கல்யாணத்து நோட்டு அது. தாய்மாமன் மொய்யில் தொடங்கி, ஊர்வாரியாக ஒரு ரூபாயும் எட்டணாவுமாகப் போகிற பட்டியலுக்கு நடுவே "கண்டி வீட்டுக்காக" என்று ஐந்து ரூபாய். அப்படி ஒரு வீடு இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. பெரியப்பா மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பஞ்சத்துல கங்காணிகூடப் போனவங்க" என்றார்.

தாது வருஷப் பஞ்சம், 1876-78. பெரியாறு அணை திறந்ததே 1895-ல்தான். திறந்தபோதும் தண்ணீர் மேலூர்ப் பக்கம் போனது. பேரையூர், கள்ளிக்குடிப் பக்கம் வானம் பார்த்தே கிடந்தது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கங்காணிகளுக்கு இப்படிப்பட்ட ஊர்கள் தோதாக இருந்தன. அந்தக் காலத்தில் போனவர்கள் கடல் தாண்டி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்திருக்கிறார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். ரயிலில் தனுஷ்கோடி வரை போய்த் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் வசதி 1914-ல்தான் வந்தது. இதையெல்லாம் நான் முன்பே படித்திருக்கிறேன், பரீட்சையும் எழுதியிருக்கிறேன். நடந்தவர்களில் எங்கள் வீட்டு ஆளும் உண்டு என்று தெரிந்த பிறகுதான் அது உறைத்தது.

1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். அப்படித் திரும்பிவந்த ஒரு வீட்டைக் கோத்தகிரிப் பக்கம் கண்டுபிடித்தோம். அந்த வீட்டு அம்மா எங்களை உட்காரவைத்து, யார் யாரைக் கட்டினார்கள், எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்று ஒப்பித்தார். எங்கள் பத்திரங்கள் ஒன்றிலும் அகப்படாத பூட்டியின் பெயரை நடுவில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய மகளுக்கு அந்தப் பெயர்தான். ஊரில் இருந்த நாங்கள் தொலைத்ததை, ஊரை விட்டுப் போனவர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

ஆண்ட பரம்பரை விஷயத்துக்கு வருகிறேன். நான் தேடியதில் கிடைத்தது ஓர் அடமானப் பத்திரம். விதைக்கும் ஒரு கல்யாணத்துக்குமாக வாங்கிய கடன். அந்த மொய் நோட்டில் ராவுத்தர் கடை இருக்கிறது, வளையல்காரர் இருக்கிறார், ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் இருக்கிறார். இவர்களை எடுத்துவிட்டு எங்கள் குடும்பத்தை எழுத முடியாது. அதே கல்யாணத்துக்குக் கொட்டு அடித்தவர்கள், பந்தல் போட மரம் சுமந்தவர்கள் ஒருவர் பெயரும் நோட்டில் இல்லை. அவர்களிடம் மொய் வாங்க மாட்டார்கள், சாப்பாடும் தனியாகத்தான். அதையும் சேர்த்து எழுதினால்தான் அது குடும்ப வரலாறு. உங்கள் நண்பர்களுக்கு இந்தப் பக்கம் ருசிக்காது, பரவாயில்லை.

சரி, வேலைக்கு வருவோம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் பத்திரங்களில் கருப்பையா குமாரன் முத்தையாவும் முத்தையா குமாரன் கருப்பையாவும் மாறி மாறி வருவார்கள். பெயரை நம்பாதீர்கள், வருஷத்தையும் நான்கெல்லையில் எழுதியிருக்கும் பக்கத்து நிலத்துக்காரர்களையும் வைத்து ஆளை அடையாளம் காணுங்கள். பசலி (வருவாய்க் கணக்கில் எழுதும் ஆண்டு) போட்டிருந்தால் 590-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், ஆங்கில வருஷம் கிடைக்கும். மிகப் பழைய பத்திரங்களுக்கு இணையத்தை நம்பி உட்காராமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போடுங்கள்.

ஆனால் காகிதம் காத்திருக்கும், ஆள் காத்திருக்க மாட்டார். அப்பத்தா முறையில் யாராவது இருந்தால் அவரிடம் முதலில் போங்கள். "நம்ம பூர்வீகம் என்ன?" என்று கேட்டால், எல்லோருக்கும் சொல்கிற கதையைத்தான் உங்களுக்கும் சொல்வார். "உங்க கல்யாணத்துக்கு யாரெல்லாம் வந்தாங்க, யார் கோவிச்சுக்கிட்டு வரல?" என்று கேளுங்கள். போனில் பதிவு போட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருங்கள். வீட்டில் மொய் நோட்டு இருந்தால் ஓரங்களையும் சேர்த்துப் படம் எடுங்கள். எங்கள் நோட்டில் உறவுமுறைகளைப் பென்சிலில் ஓரத்தில்தான் எழுதியிருந்தார்கள்.